ஹோதனுக்குப் பொறுப்பு

8 ஏப்ரல் 1991, திங்கள்

வெயில். காலையிலேயே பஸ் கம்பியைத் தொட முடியவில்லை. விடைத்தாள் கட்டு இரண்டு பாக்கி. மகள் சுதாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும்.

மகளிர் விடுதியில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. இந்த மாதக் கடைசியோடு அடைப்பு, கோடை முழுக்க. மற்றப் பெண்களுக்குக் கொண்டாட்டம். ஹோதன் மட்டும் அதைப் படித்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தாள்.

வெளிநாட்டு மாணவர் பொறுப்பு என்று ஒன்றைப் போன வருஷம் என் தலையில் கட்டினார்கள். பொருளாதாரப் பாடம் எடுப்பதோடு இதுவும். மூன்றே பேர். கென்யாப் பையன்கள் இருவருக்கும் பெங்களூரில் சொந்தம் உண்டு, போய்விடுவார்கள். மூன்றாவது இவள். சோமாலியாவிலிருந்து பரிமாற்றத்தில் வந்தவள். பெயர் 'ன்' என்று முடிகிறதே என்று ஆபீஸில் ஆண்கள் விடுதியில் கட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவளும் நானும் சிரித்த சிரிப்பு!

ஜனவரியில் அங்கே அரசாங்கம் விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து தகவலே இல்லை. அம்மாவும் ஒரு தம்பியும். அப்பா முன்பே காலமானவர்.

"விடுதியை மூடிவிட்டால் நான் எங்கே தூங்குவது, மிஸ்?" ஆங்கிலத்தில், பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரல். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் ஊற்றி நீட்டினேன். நோன்பு என்றாள். மடச்சி நான்.

இன்னொன்றும் சொன்னாள். பாஸ்போர்ட் அடுத்த மாதம் முடிகிறது.

9 ஏப்ரல், செவ்வாய்

அரைநாள் விடுப்பு. ஹோதனைக் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளம், போலீஸ் ஆபீஸில் வெளிநாட்டார் பதிவுப் பிரிவு. கிளார்க் நல்ல மனிதர். அவளுக்கு நாற்காலி போட்டு, ஃபேனையும் அவள் பக்கம் திருப்பினார்.

"பாஸ்போர்ட்டப் புதுப்பிச்சுக் கொண்டாரச் சொல்லுங்க டீச்சர். ஒரு நிமிசத்துல பதிவ நீட்டித் தந்துருதேன்."

"தூதரகத்துல ஃபோன் எடுக்க ஆளில்ல சார்."

"இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வருவாங்க."

"அவங்களுக்கு அரசாங்கமே இல்ல சார் இப்ப."

பேனாவை மூடி வைத்தார். மேலே பார்த்தார். "நாடு இல்லன்னு எழுத இந்த ஃபாரத்துல கட்டம் இல்லையே டீச்சர். நான் என்னத்தச் செய்ய?"

வெளியே வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்வார் என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

11 ஏப்ரல், வியாழன்

தலைவலி. பாளை மார்க்கெட் பக்கம் ஐ.எஸ்.டி. பூத். மொகதிஷுவில் அவள் வீட்டுக்கு எதிர்க்கடை எண். சுழற்றினால் ஒன்றுமே இல்லை, இரைச்சல்கூட இல்லை. டில்லித் தூதரகம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

"அடிக்கி, எடுக்க மாட்டேங்காங்க," என்றார் பூத் அண்ணாச்சி. "அந்த இன்னொண்ணு செத்துப்போன லைனு. விட்டுருங்கம்மா."

அவருடைய தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். புரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை என்றாள். பிறகு இன்னொரு தடவை. கடையிலிருந்து அம்மாவைக் கூப்பிட ஒரு பையன் தெருவைத் தாண்டி ஓட வேண்டும், அதற்கு நேரமாகும், அதனால்தான் என்றாள். நான் வெளியே வந்து நுங்கு விற்பவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

12 ஏப்ரல், வெள்ளி

பதிவாளரிடம் போனேன். விடுதியில் ஒரு அறையை மட்டுமாவது திறந்து வைக்கலாமா?

"ஒரு பொண்ணுக்காக மெஸ், வாட்ச்மேன், வார்டன் எல்லாம் வச்சா ஆடிட்ல என்னை நிக்க வச்சுக் கேப்பாங்க. நீங்கதான பொறுப்பு? ஏதாவது பாருங்க."

ஏதாவது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, பருப்புப் பாயசம். சுதா பச்சடியைத் தொடவில்லை.

இவர் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தபோது ஹோதன் விஷயத்தைச் சொன்னேன். இருப்பது இரண்டு அறை. இவர் தயங்கவே இல்லை.

"இங்கன கூட்டிட்டு வா. சுதாகூடப் படுத்துக்கட்டும். எத்தன நாளைக்கு?"

தப்பான கேள்வி இல்லை. பாத்திரம் கழுவப் போனேன்.

17 ஏப்ரல், புதன்

நோன்புப் பெருநாள். எம்.ஏ. மாணவி ஜமீலா பேட்டையிலுள்ள தன் வீட்டுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். ஹோதன் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணி சுற்றிக்கொண்டு வந்தாள். இங்கு வந்த பிறகு அதை உடுத்தி நான் பார்த்ததே இல்லை. சந்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே.

எனக்குத் தனியாக வாழைப்பழமும் பாலும். "நீங்க சைவம்லா டீச்சரம்மா, இதுல முட்டை கிடக்கு," என்று வட்டிலப்பத் தட்டை ஜமீலாவின் உம்மா என்னைவிட்டுத் தள்ளி வைத்தார்.

சாப்பாடு முடிந்து அந்தம்மா ஹோதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உம்மாவுக்காவ துஆ கேளு மவளே," என்றார். அந்த வாக்கியத்தில் துஆ, பிரார்த்தனை, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த சொல். அது போதுமாக இருந்தது. அழுதாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. அந்தம்மா மடியில் சாய்ந்து, சத்தமாக. நான் கையில் பால் தம்ளரோடு. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கிளம்பும்போது அந்தம்மா: "விடுதிய அடைச்சா அடைக்கட்டும். பிள்ளை இங்கன இருக்கட்டும்."

பஸ்ஸில் எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல. ஹோதன் ஜன்னலில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

19 ஏப்ரல், வெள்ளி

ஜமீலாவின் வாப்பா துறைக்கே வந்தார். பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் பிள்ளையும் எங்க பிள்ளை மாதிரிதான் டீச்சரம்மா. ஆனா போலீசுல எங்க விலாசத்தக் குடுக்கணும்னு ஜமீலா சொல்லுதா. மூத்தவன் சவூதிக்குப் போவ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கான். விசாரணைக்கு வருவாங்கள்லா? அந்த நேரத்துல இவ பாஸ்போர்ட்டும் முடிஞ்சுபோயிருக்கும்…"

சரிதான் என்றேன். கோபப்பட ஆள் கிடைத்தால்கூட நன்றாக இருக்கும். எல்லாரும் நல்லவர்கள்.

சாயங்காலம் ஹோதனிடம், எங்கள் வீட்டுக்கு வா என்றேன்.

"எவ்வளவு நாள், மிஸ்?"

இவர் கேட்டது அப்படியே.

23 ஏப்ரல், செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

பிற்பகல் துறைக்கு ஃபோன். பூனாவில் படிக்கும் அப்தி என்ற பையன், ஹோதனின் ஊர்க்காரன். அவள் நூலகத்தில் இருந்தாள். ஆள் அனுப்பட்டுமா என்றதற்கு, லைன் போய்விடும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான். கென்யாவில் மொம்பாசா துறைமுகத்தில் அகதிகள் படகில் வந்து இறங்குகிறார்களாம். ஹோதனின் தம்பியை அங்கே பார்த்தவர்கள் உண்டு.

"அம்மா?" என்றேன்.

"அம்மா படகில் இல்லை" என்றான். அல்லது "அந்தப் படகில் இல்லை" என்றானா? கேட்பதற்குள் போய்விட்டது. ஹலோ ஹலோ என்று கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

நூலகம் வரைக்கும் நடந்தபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். தம்பியை முதலில் சொல்வதா, அம்மாவையா? தம்பியை முதலில் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே மற்றதையும் சொல்லவேண்டி இருந்தது.

"'அந்த' என்று சொன்னானா, மிஸ்?"

"சரியாகக் கேட்கவில்லை, ஹோதன்."

"யோசியுங்கள். படகில் இல்லையா, அந்தப் படகில் இல்லையா?"

யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க இரண்டுமே அவன் குரலில் கேட்கிறது.

24 ஏப்ரல், புதன்

பூனா எண் யாரிடமும் இல்லை. ஹோதன் சாப்பிடவில்லை என்று வார்டன் சொன்னார். சுதாவுக்குக் காய்ச்சல், கஷாயம்.

25 ஏப்ரல், வியாழன்

முடிவெடுத்துவிட்டாள். டில்லி. அங்கே அகதிகளுக்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது. பல ஊர்களிலிருந்தும் சோமாலிய மாணவர்கள் அங்கே போய்ச் சேர்கிறார்கள். மொம்பாசாவிலிருந்து வரும் பேச்சு முதலில் அவர்கள் காதுக்குத்தான் வரும்.

"இரண்டாம் வருஷப் படிப்பு?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை. சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். நல்ல மாணவி, ஒழுக்கமானவள், வருகைப் பதிவு திருப்தி. படித்துப் பார்த்தால் வேலைக்குச் சிபாரிசு மாதிரி. வேறு என்ன எழுதுவது? கிழித்துவிட்டு மறுபடி எழுதியதும் அதேதான்.

28 ஏப்ரல், ஞாயிறு

ஜங்ஷன். மாலை மெட்ராஸ் வண்டி. புழுக்கம், காற்றே இல்லை.

ஜமீலாவும் உம்மாவும் வந்திருந்தார்கள். தூக்குச்சட்டியில் சோறு, பொரித்த மீன், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். வாப்பா வரவில்லை. ஆனால் வழிக்கு வேண்டும் என்று தண்ணீர்க் குடம் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார், மூடியோடு, பட்டறையில் அவரே பற்றவைத்த பிடி.

"ஆரு என்ன குடுத்தாலும் வாங்கித் திங்காத மவளே. பைய, கேட்டுக் கேட்டுப் போ," என்று அந்தம்மா திரும்பத் திரும்ப. ஹோதன் எல்லாவற்றுக்கும் "சரிம்மா." விடுதியில் பழகிய தமிழ்.

பெட்டியில் ஏறியவள் இறங்கி வந்தாள். "அப்தி மறுபடி துறைக்குக் கூப்பிட்டால்…"

"கேட்டு வைக்கிறேன். இந்தத் தடவை சரியாக."

சொல்லியிருக்கக் கூடாது. முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கையசைப்பதா கூடவே நடப்பதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாகச் செய்தேன்.

2 மே, வியாழன்

அறையைக் காலி செய்ததற்கு என் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். வார்டன்: "ஒரு பிரச்சனை தீந்துது, என்ன மேடம்?"

துறைக்கு விடுமுறை. தினமும் போய் உட்காருகிறேன். விடைத்தாள் திருத்தவாம், இவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

9 மே, வியாழன்

கோடை மழை. மேசையில் ஒழுகுகிறது, தாள்களை இழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன். ஹோதன்.

டில்லியில் ஐந்து பெண்கள் ஒரு அறையில். அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்கிறது. இனி திருநெல்வேலிக்கு வரப்போவதில்லை. தம்பியோடு பேசிவிட்டாள், அவன் நன்றாக இருக்கிறான்.

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அப்தி சொன்னது 'அந்த'தானாம். அம்மா அந்தப் படகில் இல்லை. கரையில் நெரிசலில் தம்பியின் கை விட்டுப்போய், கூட்டம் அம்மாவை முந்தைய படகில் தள்ளிவிட்டது. தம்பி அடுத்ததில் ஏறினான். அவன் படகு வந்துவிட்டது. முந்தியது வரவில்லை.

"மழை சத்தமா அது?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"மிஸ், இனிமேல் நான் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்?"

"தெரியல, ஹோதன்," என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது.