‘ஒண்ணுமில்ல சித்தப்பா’ என்கிற மகனுக்கு

அன்பு மகனுக்குச் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் இங்கே சௌக்கியம், உன் சௌக்கியம் எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் உன் சௌக்கியம் முந்தாநாள் காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் வலது பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது, பெருவிரலுக்கு மேலே கறுப்பும் நீலமுமாக இருக்கிறது, கிடங்கில் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி அதன்மேல் ஏறி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இந்தப் பதினோரு நாளில் நீ இரண்டு தடவை எனக்குப் போன் செய்தாய், இரண்டு தடவையும் எப்படிடா இருக்கே என்று கேட்டேன், ஒண்ணுமில்ல சித்தப்பா, நல்லாருக்கேன், வைக்கிறேன் என்றாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், முதல் தடவை இருபத்திரண்டு வினாடி, இரண்டாம் தடவை பதினேழு. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், இதில் நான் மட்டும்தான் பேசுவேன், வைக்கிறேன் என்று நீ சொன்னாலும் எனக்குக் கேட்காது.

யார் காட்டிக்கொடுத்தது என்று பல்லைக் கடிக்காதே. உன் அறையில் இருக்கிற மீசைதான் சொன்னார். பெண் என்று எழுதி வளர்க்கப்பட்ட நாலு பிள்ளைகள் ஆணாக வாழ்வதற்காக ஊரைவிட்டுப் போய் ஒரே அறையில் இருக்கிறீர்கள், நாலு பேரில் முதலில் மீசை முளைத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர் என்று நீதானே ஒரு காலத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாய். அவர் கூப்பிட்டபோது நான் கடையில் வக்கீல் குமாஸ்தாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை. மீசை ஒரு மணி நேரம் அழுதார், நுரை காய்ந்து குமாஸ்தாவின் கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது, மனுஷன் அசையவில்லை, அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சித்தப்பா, காலையில ஷூ மாட்டும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, என்னடான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறான், தப்பு என் மேலதான் சித்தப்பா, நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன், வலிச்சாலும் கத்தாதே, கத்தினா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு என்றார். எத்தனை ஐயோ போட்டார் தெரியுமா, நூறு இருக்கும்.

அப்புறம்தான் உங்கள் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். ஐயோ என்று சொல்லக் கூடாதாம், அம்மா என்று கத்தலாமாம் ஆனால் ஒரு தடவைதானாம். எதைப் பார்த்தும் அழகா இருக்கு என்று சொல்லக் கூடாது, பரவாயில்ல என்றுதான் சொல்ல வேண்டும். பேசும்போது கை ஆடக் கூடாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், நடந்ததை முதலிலிருந்து கதையாகச் சொல்ல ஆரம்பித்தால் பொம்பளை என்று தெரிந்துவிடும். கீழ்த்தளத்தில் ஒரு அக்கா இருக்கிறாராமே, ஆண் என்று வளர்க்கப்பட்டுப் பெண்ணாக வாழ்கிறவர், அவருக்கு அவருடைய தோழிகள் இதையே தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், சத்தமாகச் சிரிக்காதே, எதிர்த்துப் பேசாதே, ஒவ்வொரு சொல்லையும் மெல்ல இழுத்து முடி என்று. அவர் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதையே விட்டுவிட்டார், சொத்தைக் கத்தரிக்காயைப் புன்னகையோடு வாங்கிக்கொண்டு வருகிறார் என்று மீசை அழுகைக்கு நடுவில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குமாஸ்தாவுக்கும் வந்துவிட்டது, காய்ந்த நுரை உதிர்ந்தது. சிரித்துவிட்டு அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் அசதி. நின்றுகொண்டே பிழைத்தவனுக்கு உட்கார்ந்தாலும் கால் வலிக்கிறது.

மகனே, எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான், ஒரே தடவையில் தாண்டிப் போனவர்களைவிட அந்தப் பாடமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எந்தப் பாடத்திலும் ஆம்பளை பேச மாட்டான் என்று போட்டிருக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக ஆம்பளைகளின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு லட்சம் தலை இருக்கும், குறைத்துத்தான் சொல்கிறேன், அதில் மூன்று நீதிபதி, ஒரு மந்திரியின் மச்சான். கழுத்தில் துண்டைச் சுற்றியதும் வாயைத் திறக்காத ஆம்பளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பயில்வான் ஒருவர் வருவார், கழுத்து என் இடுப்பளவு இருக்கும், அவருடைய பூனைக்குட்டி செத்ததற்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஐயோ ஐயோ என்று அழுதார், நான் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். போலீஸ்காரர் கண்ணாடியில் தன் கிருதாவைப் பார்த்து, எவ்ளோ அழகா இருக்கு பாத்தியா என்று என்னையே சாட்சிக்குக் கூப்பிடுவார். யார் வீட்டு மருமகள் யாரோடு பேசவில்லை என்பது இந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலும் என் கடை பெஞ்சுக்குத் தெரிந்துவிடும்.

உன் சித்தியை எடுத்துக்கொள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க நாற்பது சொல் பேசினால் அதிகம், அதில் பத்து வெறும் ம். உங்கள் சட்டப்படி பார்த்தால் இந்த வீட்டில் அவள்தான் ஆம்பளை, நான் பொம்பளை என்று அவளிடம் சொன்னேன். குண்டூசியை எடுத்துவிட்டு, இப்பதான் தெரிஞ்சுதா என்று கேட்டு மறுபடி கடித்துக்கொண்டாள். உன் குரல் கட்டையானதைப் பற்றி அவள் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. உனக்கு மூன்று வயசாக இருக்கும்போதிலிருந்து டா போட்டுத்தான் கூப்பிட்டாள், செல்லத்துக்குச் சொல்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம், நீ யார் என்று நீ எங்களிடம் சொன்ன பிறகு எனக்குத்தான் நாக்கைத் திருப்ப ஆறு மாதம் பிடித்தது, அவளுக்கு ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் கேட்பது ஒன்றுதான், குரல் எப்படி வேணா ஆகட்டும், எம்புள்ள பேச்சை எவன் தூக்கிட்டுப் போனான் என்கிறாள். முன்பெல்லாம் போன் செய்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தூங்கி உன் தோளில் சாய்ந்ததை அரை மணி நேரம் நடித்துக் காட்டுவாய், அவள் ஊசியைத் துப்பிவிட்டுச் சிரிப்பாள். இப்போது பதினேழு வினாடி.

உங்கள் சட்டம் விளையாட்டுக்கு எழுதினது இல்லை என்று எனக்கும் தெரியும். மீசை முன்பு வேலை பார்த்த இடத்தில் கையில் வெந்நீர் கொட்டி அவர் கத்திய கத்தலில் ஒருத்தன் திரும்பிப் பார்த்ததையும், அன்று மாலைக்குள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்து இழுத்ததையும், மறுநாள் வேலை போனதையும் அவரே சொன்னார். அடி வாங்கினவர் எழுதின சட்டத்தை வாங்காதவன் குறை சொல்லக் கூடாது, நான் சொல்லவில்லை. தெருவிலும் கிடங்கிலும் உனக்கு எது பாதுகாப்போ அதைச் செய். ஆனால் எலும்பு டாக்டர் முன்னால் அந்த மூடின வாய் செல்லாது. எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்க, பரவாயில்ல சார் என்று நீ சொன்னால் ஒரு களிம்பை எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பதினைந்து வருஷமாக என்னிடம் முடி வெட்டிக்கொள்கிற எலும்பு டாக்டர் வீட்டுக்கே போய்க் கேட்டேன், ஒன்பது நாளா என்றவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். கோணலாக ஒட்டிக்கொண்டால் திரும்ப உடைத்துத்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பையன் ஆயுசுக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான், இன்னும் ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்க என்றார். இதை நான் கூட்டிச் சொல்வதாக நினைக்காதே.

என் பங்கும் இதில் இருக்கிறது. சின்ன வயசில் உனக்கு வாயாடி என்று பெயர் வைத்தவன் நான்தான், கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் அப்படிக் கூப்பிடும்படி பரப்பினவனும் நான்தான். உன்னைவிட ஏழு மடங்கு பேசுகிற எனக்கு இந்தக் கடைத்தெருவில் என்ன பெயர் தெரியுமா, விவரமானவர். அது ஏன் அப்படி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை, முந்தாநாள்தான் உறைத்தது. வாயாடி என்பது பெண்பிள்ளைக்குப் போடுகிற பெயர், அதைக் கழற்றி எறிந்தாய், சரிதான், எறிய வேண்டியதுதான். கூடவே பேச்சையும் சுருட்டி எறிந்துவிட்டாய். அந்தப் பேச்சு என்னிடமிருந்து வந்தது, ஆம்பளைச் சொத்து, திரும்ப எடுத்துக்கொள்.

இனிமேல் எழுதப்போவதை முந்தாநாள் வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு மாதமாக என் வலது கை நடுங்குகிறது. சும்மா இருந்தாலும் நடுங்குகிறது, கத்தியைப் பிடித்தால் அதிகம். போன மாதம் ஒரு வாத்தியாரின் காதுக்குப் பின்னால் கிழித்துவிட்டேன், ரத்தம் காலருக்கு இறங்கியது, பிளேடு சரியில்லை சார் என்றேன். அன்றிலிருந்து கடையில் இன்னும் அதிகமாகப் பேசுகிறேன். பேச்சு ஜோராக நடந்தால் கண்ணாடியில் என் வாயைத்தான் பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். நீ வாயை மூடி மறைக்கிறாய், நான் வாயைத் திறந்து மறைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு யாரும் சட்டம் ஒப்பிக்கவில்லை, கை நடுங்குது, பயமா இருக்குன்னு ஒரு ஆம்பளை போய் எப்படிச் சொல்றது என்று நானே எழுதிக்கொண்டேன்.

மீசை போனை வைத்ததும் குமாஸ்தாவின் மறு கன்னத்தை அப்படியே விட்டுவிட்டேன், வழிக்கத் தைரியம் வரவில்லை, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. தெரியும், ஊருக்கெல்லாம் வழவழன்னு சவரம் பண்ணிவிடுற ஆள் முகத்துல நாலு மாசமா தினம் ஒரு வெட்டு, எனக்குக் கண்ணு இல்லையா, நீயா சொல்லட்டும்னு இருந்தேன் என்றாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு என் கையை எடுத்துத் துணிமேல் வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். எலும்பு டாக்டர் வீட்டுக்குப் போனது அதற்கப்புறம்தான், என் முகத்தைப் பார்த்து எனக்குத்தான் கால் உடைந்ததோ என்று அவர் பயந்துவிட்டார். நேற்று இருவரும் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம், நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கத்தரி பிடிக்கலாம், சவரக் கத்தியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்று காலை, இனி இங்கே சவரம் இல்லை என்று அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டேன், எழுத்து கோணல் மாணலாக வந்திருக்கிறது. குமாஸ்தா ஒரு கன்னத்தில் முள்ளோடு வந்து நின்று அதை இரண்டு தடவை படித்தார், பரவால்லண்ணே, நானும் தாடி வளர்க்கலாம்னுதான் இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரிக்காரர் ஒருவர் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், திங்கட்கிழமை காலை நீ கிடங்குக்குக் கிளம்புவதற்கு முன்னால் உன் அறைக் கதவைத் தட்டுவார். மீசை அன்றைக்கு லீவு சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி அட்டையில் பழைய பெயர் இருக்கிறது, கூட்டத்தில் அதைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்றுதான் நீ போகாமல் இருக்கிறாய் என்று அவர் சொன்னார், அதற்கும் வழி செய்திருக்கிறார், நர்ஸம்மாவைப் பார்த்துப் பேசி சீட்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்த அம்மாவும் சரி என்றிருக்கிறார்கள். டாக்டரிடம் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை பெட்டி இருந்தது, நீ எப்படி நின்றாய் என்று முதலிலிருந்து கதையாகச் சொல்லு. அழுத்திப் பார்க்கும்போது வலித்தால் வாய்க்கு வந்ததைக் கத்து. ஓய்வு வேண்டும் என்று உன் இப்போதைய பெயரிலேயே அவரிடம் சீட்டு எழுதி வாங்கி, மறக்காமல் சூப்பர்வைசரிடம் காட்டு.

எலும்பு நேராகக் கூடி, உடம்பு தேறி, வேலை நிலைத்து, நினைத்த ஆளாக நினைத்தபடி நீ நெடுநாள் வாழ வேண்டும் என்று நானும் சித்தியும் வாழ்த்துகிறோம். லாரிக்காரரிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பையன் படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நில்லுங்க, முடிச்சதும் நான் அப்புறமா போய்க்கறேன்னு சொல்லுவான், காதுல வாங்காதீங்க, கைத்தாங்கலா வண்டியில ஏத்திருங்க என்று. நிமிர்ந்து பார், அவர் நிற்கிறார். அந்தக் காலுக்கு ஷூ போடாதே, அப்படியே ஏறு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா