பச்சைக் காருக்கு ஒரு பின் ஆக்சில்

மார்ச் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. மெஷின் கொட்டகையிலும் வேலை இல்லாததால் சின்னத்துரையின் பச்சைக் காரைத் தூக்கி நிறுத்திப் பின்பக்கத்தைப் பிரித்தேன்.

ஊளைச் சத்தத்துக்குக் காரணம் தெரிந்தது. பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் மூன்று பல் அம்மைத் தழும்பு மாதிரி குழிந்திருக்கிறது. அதோடு பிணையும் கிரௌன் சக்கரமும் போச்சு. எண்ணெயில் விரல் விட்டால் இரும்புப் பொடி மினுங்குகிறது. இதை வைத்துக்கொண்டு பொந்தியான் கார்ப் பந்தயமா? பாதி மைல் தாண்டாது.

சின்னத்துரை குடையோடு வந்து நின்றார். வெள்ளைக்காரராக இருந்தாலும் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார், விகுதி மட்டும் வராது.

"சீமைக்கு எழுதினா எப்போ வருது?"

"கப்பல்ல ரெண்டு மாசம் துரை."

"பந்தயம் இருபத்தொண்ணாம் தேதி. நீ சிங்கப்பூர் போ. வேகமா ஓடுது சாமான் பார்."

வேகமாக ஓடுவது மட்டும் போதுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மழைச் சத்தம் வேறு.

சாப்பாடு: கருவாட்டுக் குழம்பு. உப்பு கூட. மனைவி தனத்திடம் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

வெயில். தோட்டத்து லோரியில் நானும் சுந்தரமும் சிங்கப்பூருக்கு. சுந்தரம் தனத்தின் தம்பி, சின்னத்துரையின் டிரைவர். குலாயிலிருந்து சிங்கப்பூர்ப் பாலம் வரை பாட்டு. பாலத்தில் சுங்கக்காரனைக் கண்டதும்தான் வாயை மூடினான்.

காசிம் காக்காவின் பழைய இரும்புக் கிடங்கு. நமக்குப் பொருந்துவது மாதிரி இரண்டே இரண்டு பின் ஆக்சில். இரண்டையும் கட்டைமேல் ஏற்றி, சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு, கையால் சுற்றி எண்ணினேன்.

ஒன்று, மெல்லியது. பந்தயக் காரிலிருந்து கழற்றியது. சக்கரம் ஒரு சுற்றுக்கு, எஞ்சினிலிருந்து வரும் முன்தண்டு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைய. நேர் சாலையில் பறக்கும். வில் பட்டைகள் உட்காரும் இடம் அப்படியே பொருந்துகிறது. பல் எல்லாம் புதுசு மாதிரி.

இன்னொன்று, கனமானது. பெரிய டூரிங் காருடையது. முன்தண்டு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைய. கிளம்பும்போது இழுக்கும், பிறகு எஞ்சின் கதறும், வேகம் ஏறாது. அகலம் ஒன்றரை அங்குலம் கூட. வெட்டி ஒட்டவேண்டும். எடையும் நாற்பது காட்டி, ஐம்பது ராத்தலுக்கு மேல், அதிகம். தண்டு இரண்டும் என் மணிக்கட்டுத் தடிமன்.

காக்கா மெல்லியதைத் தட்டிக் காட்டினார். "மறைக்க மாட்டேன் தம்பி. இது மரத்துல மோதுன கார். முன்பக்கம்தான் நசுங்குச்சு, பின்னால ஒண்ணும் ஆவல."

"ஓட்டினவரு?"

"அவரும் முன்னாலதானே உட்கார்ந்திருந்தாரு."

சுந்தரம் மெல்லியதின் ஒரு முனையை ஒற்றைக் கையால் தூக்கினான். "மச்சான், பாருங்க! பூ மாதிரி இருக்குலா."

இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று காக்கா சொன்னார். வழியெல்லாம் மரம் எதனால் வந்தது என்றே யோசனை. கார் மரத்தில் மோதியது சரி. ஏன் மோதியது?

மார்ச் 6, வெள்ளி

வீட்டில் சண்டை. சுந்தரம் வந்து சாப்பிடும்போது உளறிவிட்டான். பந்தயத்தில் துரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பெட்ரோல் தொட்டிக்குக் கையால் காற்று அடிக்கவேண்டும். அந்த ஆள் தான்தான் என்று. மரத்தில் மோதிய கார்க் கதையையும் சேர்த்து.

அவன் போனதும் தனம் என் எதிரில் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தச் செத்தவன் வண்டிச் சாமானைத்தான் மாட்டப் போறீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"நீங்க உட்காருவீங்களா அதுல?"

கை கழுவ எழுந்துவிட்டேன். பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மேகமூட்டம். கொட்டகையில் நான் மட்டும். மெல்லிய ஆக்சிலின் இரண்டு தண்டையும் நேற்றே உருவி, முழுநாள் மண்ணெண்ணெயில் ஊறியதை எடுத்துத் துடைத்தேன். வெண்சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு மரச் சுத்தியலால் தட்டினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கறுப்பாகக் கோடு விழும்.

வலது தண்டு சுத்தம்.

இடது தண்டில், சக்கரம் மாட்டும் முனையில், சக்கரத்தைப் பூட்டும் சாவிக் குழியின் மூலையிலிருந்து ஒரு கோடு. தலைமயிர் அளவு.

துடைத்து மறுபடி பூசினேன். கோடு இல்லை! வெளியே போய் ஒரு சுருட்டு பிடித்துவிட்டு வந்து மூன்றாம் தடவை. கோடு வந்தது. லேசாக. கடைசல் கத்தி விட்ட கீறலாகவும் இருக்கலாம். என் கண்ணாகவும் இருக்கலாம்.

நாலாம் தடவை பூசப் பயமாக இருந்தது. எது வந்தாலும் நம்ப மாட்டேன் என்று தெரிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

சின்னத்துரையிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர்.

"இது கீறல், மாணிக்கம். கத்திக் கீறல்."

"விரிசலாவும் இருக்கலாம் துரை."

"இருக்கலாம், இருக்கலாம். நீ நிச்சயமா சொல்லுது?"

நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கனமானதை மாட்டலாம் என்றேன். அந்தச் சாமானோடு போனால் மாட்டுவண்டி ஜெயிக்கும் என்று சிரித்தார். மெல்லியதை மாட்டச் சொல்லி உத்தரவு.

சுந்தரம் கூடவே நின்றான். துரை போனதும், "ஏன் மச்சான், அக்கா சொல்லிக் கொடுத்தாங்களா? ஊரே பார்க்கப் போகுது என்னை. இதைக் கெடுக்காதீங்க" என்றான்.

கோபம் வந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது. அவன்மேல் கோபப்பட்டு என்ன.

மார்ச் 10, செவ்வாய்

மாட்டவில்லை. போல்ட்டுக்கு மரை வெட்டவேண்டும் என்று பொய் சொன்னேன். மூன்று ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது, ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் தண்டில் இதே மாதிரி ஒரு கோட்டைப் பார்த்தேன். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி கீறல் என்றார். நானும் கீறல் என்று வைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான், வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள் தண்டு முறிந்து பெல்ட் பறந்தது. லெட்சுமி என்று ஒரு பொம்பளை, என் அம்மா வயசு. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கிராணியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தனத்துக்குக்கூடத் தெரியாது.

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. புழுக்கம்.

மார்ச் 12, வியாழன்

ஒரு யோசனை. காலையில் குளிக்கும்போது வந்தது, துண்டோடு ஓடாத குறை.

ஆக்சில் தண்டுக்கு வேகம் பெரிய பாரமில்லை. நின்ற இடத்திலிருந்து முழு எஞ்சினையும் அதன்மேல் விடுகிறோமே, அந்த ஒரு நொடிதான் பாரம். பந்தயமும் நின்ற இடத்திலிருந்துதான். துரைக்குக் கிளம்பிப் பழகவேண்டும். ரப்பர் ஷீட் காயும் புகைவீட்டுக்குப் பின்னால் உள்ள செம்மண் மேட்டில் பழகட்டும். அங்கே இருபது மைல் வேகம்கூட வராது. முறிந்தாலும் சக்கரம் கழன்று சேற்றில் உட்காரும். அவ்வளவுதான்.

துரையிடம் போய், மாட்டுகிறேன், இரண்டே விஷயம் என்றேன். மாட்டுமுன் கோட்டைத் துரையே அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். பழகும்போது பக்கத்தில் நான்தான் உட்காருவேன், சுந்தரம் இல்லை.

என் முகத்தைப் பார்த்தார். இதுவரை இப்படிப் பேசியதில்லை நான். பிறகு கவராயத்தை வாங்கி, சாவிக் குழி மூலையிலிருந்து கோட்டின் நுனி வரை அளந்து, சிகரெட் பெட்டியில் எழுதினார். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டேன். ஒரு ஸ்பேனரும் கீழே விழவில்லை.

மார்ச் 14, சனி

நல்ல வெயில். மேடு காய்ந்திருந்தது.

இருபது தடவை. துரை எஞ்சினை அலறவிட்டு கிளட்சை உதறுவார், கார் பின்னங்காலில் உட்கார்ந்து பாயும், மேட்டு உச்சியில் நிறுத்தித் திரும்புவோம். ஒவ்வொரு தடவையும் என் முதுகெலும்பு இடது பின்சக்கரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வாயெல்லாம் செம்மண். ஏழாவதில் ஒரு டக் சத்தம். செத்தோம் என்று நினைத்தேன். கல்.

முறியவில்லை.

சுந்தரம் கை தட்டினான். "என்ன மச்சான், இப்ப என்ன சொல்றீங்க?" துரை என் தோளில் தட்டி, "போதும், நல்ல சாமான்" என்றார். வேலை பார்த்த ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

"கழட்டிப் பார்க்கணும் துரை."

"எதுக்கு? ஓடுது இல்லை?"

"துரை பெட்டியில எழுதினது இருக்கே. அதுக்குத்தான்."

கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தண்டை உருவினேன். மண்ணெண்ணெயில் இரண்டு மணி நேரம். துரை போகவில்லை, பெட்டிமேல் உட்கார்ந்து சிகரெட் மேல் சிகரெட். துடைத்துச் சுண்ணாம்பு பூசினேன். காயும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம்.

இந்தத் தடவை பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

துரை கவராயத்தை என்னிடம் தரவில்லை, தானே அளந்தார். அரை அங்குலம். சிகரெட் பெட்டியை எடுத்துப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"மாணிக்கம், கீறல் வளருதா?"

"கீறல் வளராது துரை."

எழுந்து வாசல் வரை போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பாமலே, "மத்தது மாட்டு" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

சுந்தரம் முகம் கொடுக்கவில்லை. கோடு சின்னதுதானே, பந்தயம் ஒரே ஒரு தடவைதானே என்று முணுமுணுப்பு. அந்தத் தண்டை இன்னொருவன் தலையில் கட்டக்கூடாது, துரை உடைக்கச் சொல்லியிருக்கிறார், நீயே உடை என்று பெரிய சுத்தியலைக் கொடுத்தேன். வைஸில் இறுக்கி, கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கினான். இரண்டாவது அடியில் போய்விட்டது.

தண்டின் உடைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாதிக்குமேல் காப்பி நிறம், எண்ணெய் ஏறிய பழைய விரிசல். அதன் ஓரமாக நேற்று மேட்டில் புதிதாக விட்ட ஒரு சாம்பல் வளையம். மிச்சம் உப்பு மாதிரிப் புது வெள்ளை. அந்த மிச்சம்தான் நேற்று எங்கள் இருவரையும் தாங்கியிருக்கிறது.

வெளியே தெரிந்தது அரை அங்குலம். உள்ளே இவ்வளவு.

சுந்தரம் உடைந்த துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

மதியம் சாப்பிட்டபின் தனத்திடம் குளுவாங் கதையைச் சொன்னேன். முழுவதும். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது. விசாரிக்கல."

"விசாரிங்க" என்றாள். திட்டவில்லை.

மார்ச் 18, புதன்

வெட்டல், ஒட்டல். நாலு நாள் வேலை மூன்று நாளில். கனமான ஆக்சில் உட்கார்ந்துவிட்டது. சுந்தரம் சொல்லாமலே வந்து போல்ட் முறுக்கினான். பிரேக் கம்பி நீளம் போதவில்லை, புதிது செய்தேன். இடது கண்ணில் தூசு. குளுவாங்குக்கு ஒரு கடிதம் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

எண்ணெய் மாற்றினேன். இந்த ஆக்சிலையும் இரண்டு தடவை சுண்ணாம்பு பூசிப் பார்த்தாயிற்று, சுத்தம். ஆனாலும் நிம்மதி இல்லை. போல்ட்டுகளை எண்ணுகிறேன், வீட்டுக்கு வருகிறேன், மறுபடி போய் எண்ணுகிறேன்.

தனமும் வருகிறாளாம். வேண்டாம் என்றேன். "என் தம்பி, நான் வருவேன்" என்றாள்.

மார்ச் 21, சனி

பொந்தியான். கடற்காற்று. சாலை இருபுறமும் கயிறு, தென்னை நிழலில் கூட்டம். ஆறு கார்கள், ஒவ்வொன்றாகக் கிளம்பவேண்டும், நேரக் கணக்குத்தான். நம்முடையது ஐந்தாவதாகக் கிளம்பியது. முதல் கால் மைல் வரை பிரமாதம், முன்னே போன கார் எல்லாவற்றையும்விட வேகமாகப் பாய்ந்தது என்று பக்கத்தில் யாரோ மலாயில் கத்தினார்கள். பிறகு நான் சொன்ன மாதிரியேதான், எஞ்சின் கதறல், வேகம் ஏறவில்லை. நாலாவது இடம்.

நானும் தனமும் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கயிற்றைப் பிடித்து நின்றோம். சுந்தரம் குனிந்து காற்று அடித்துக்கொண்டே போனான், எங்களைப் பார்க்கவில்லை. கார் தாண்டியதும் தனத்திடம் கேட்டேன், தம்பியைப் பார்த்தாயா என்று.

"இல்லையே" என்றாள். "சக்கரத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

நானும்தான்.