உங்கப்பா உடைத்த கன்னிமார் கல்

எருமப்பட்டி
7-8-1983

அன்பு மகள் பாவாத்தாளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் மாடு கன்றுகளும் நல்ல சுகம், கற்களுக்குத்தான் சுகமில்லை. அங்கே நாசிக்கில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கிறீர்களா என்று அறிய மனம் அடித்துக்கொள்கிறது. லாரி டிரைவர் மயில்சாமி பம்பாய் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது நீ கொடுத்தனுப்பிய உருண்டைக் கல்லும் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வெளியே பார்த்தால் கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது, பிளந்திருந்த இரண்டு பாதியையும் பிரித்தால் உள்ளே கற்கண்டு கொட்டி வைத்தது போல மின்னியது. ஞாயிற்றுக்கிழமையானால் நீங்கள் இரண்டு பேரும் ஓடைக்கரையில் இப்படிக் கல் பொறுக்கப் போகிறீர்கள் என்று படித்ததும், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்றுதான் எனக்கு முதல் கவலை.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட இந்த மூன்று வருடமாக உன் பெயரை வாயில் எடுக்காத உங்கப்பா, அந்தக் கல்லைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கல்லைப் பத்தி எழுதியிருக்கற பக்கத்த மட்டும் படி, வேற ஒண்ணும் வேண்டாம் என்றார். நானும் அதைப் படித்துவிட்டு மூச்சு விடாமல் மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடியதையும் உனக்குக் காய்ச்சல் வந்து போனதையும் அதே குரலில் கல் சமாசாரம் போலவே படித்துக்கொண்டு போனேன். நிறுத்தச் சொல்லவில்லை. காய்ச்சல் எப்ப வந்துச்சாமா என்று மட்டும் மாட்டைப் பார்த்துக் கேட்டார், பாவம், அதற்கு என்ன தெரியும்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பார்க்கப் பெரிதாக இருந்து தூக்கினால் லேசாக இருக்கும் கல்லுக்குள் பொந்து இருக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அதைப் பிடித்துக்கொண்டு நம் காட்டில் ஒரு கல்லையும் விடவில்லை. சந்தையில் தேங்காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் தட்டிக் காதில் வைத்துக் கேட்கிறார். நனைத்தால் நிறம் தெரியும் என்று என் இட்லிக் குண்டான் நிறையக் கல்லை ஊறப் போட்டார், நான் ஊறப் போட்ட அரிசிக்கு வீட்டில் பாத்திரம் இல்லை. சம்மட்டியால் போட்டால் உள்ளேயும் வெளியே இருக்கிற அதே கருங்கல்தான். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேள், பிஞ்சுல எடுத்துட்டனாட்ட இருக்குது, இன்னும் முத்தோணும் என்கிறார். சாக்கைச் சுற்றி உடைக்க வேண்டும் என்று நீ எழுதியதை மட்டும் காதில் வாங்கவில்லை, சில்லுத் தெறித்து நெற்றியில் பிளாஸ்திரியோடு திரிகிறார். ஊரில் கேட்டால் வாசல் நிலை இடித்துவிட்டது என்கிறாராம்.

ஆனி கடைசியில் வாய்க்காலிலிருந்து ஒரு உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகை வாசலில் வைத்து ஒரே போடாகப் போட்டார். இரண்டாகப் பிளந்துகொண்டது, உள்ளே வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக நின்றது. உடனே ஊரே கேட்கிற மாதிரி, பாவாத்தா, ஓடியா சாமி, உள்ளாற பாரு என்று கத்தினார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், என்னைக் கூப்பிடவில்லை. கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது, மாட்டுக்குத் தண்ணி காட்டுனயா இல்லையா என்று என் மேல் எரிந்து விழுந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உள்ளே போய் அழுதுவிட்டுத்தான் தண்ணீர் காட்டினேன்.

வினை ஆடிப் பதினெட்டில் வந்தது. கிணற்று மேட்டில் நாம் கும்பிடும் கன்னிமார் சாமி ஏழு கல் வரிசையாக நிற்குமே, உன் சித்தப்பா சின்னுசாமி மஞ்சள் பூச உட்கார்ந்தவர் ஆறோடு நின்றுவிட்டார். கடைசிக் கல் மழையில் சரிந்து வாய்க்காலுக்கு உருண்டு மஞ்சளெல்லாம் கழுவிப் போய்க் கிடந்திருக்கிறது, அதைத்தான் உங்கப்பா பிளந்திருக்கிறார். எல்லாரும் தேட, இவர் பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், கடைசியில் வீட்டுக்குப் போய் இரண்டு பாதியையும் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து வைத்தார். ஏழு பேரில் ஒருத்தி மட்டும் இத்தனை நகையை வயிற்றில் ஒளித்து வைத்திருந்தாளா என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன். சித்தப்பா குதித்தார் பார். பெரிய குத்தமாயிப் போச்சு, ஆவணி வெள்ளிக்குள்ள வேற கல்லு நடோணும், அதும் இந்த ஊட்டுல பொறந்த பொண்ணுப்புள்ளை கையால நட்டாத்தான் மொறை என்றார். சொன்ன பிறகு விழித்தார். அவருக்கு மூன்றும் பையன்கள், பங்காளி வகையில் பெண் என்று பிறந்தவள் நீ ஒருத்திதான், உன் கால் நம் காட்டில் படக்கூடாது என்று அன்றைக்குத் துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தவரும் அவர்தான். சரி, மொறையை இந்த ஒருக்கா உட்றலாங்கண்ணா என்று இழுத்தார். உங்கப்பா, ஏஞ்சின்னு, சாமி காரியத்துல வாய மாத்தலாமா, நீதான சொன்ன என்று கேட்டாரே தவிர முகத்தில் சிரிப்பே இல்லை. நான் முந்தானைக்குள் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ளைக்கு எழுது என்றார். எந்தப் புள்ளைக்கு என்று வேண்டுமென்றே கேட்டேன். நம்ம பாவாத்தாளுக்குத்தான், வேற எத்தனை பெத்து வெச்சிருக்கற என்றார். ஆவணி வெள்ளிக்குள் கல் நட வந்து சேர். வரும்போது சளி பிடிக்காமல் தலைக்குத் துணி கட்டிக்கொள், ரயிலில் யார் என்ன கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், மிச்சமிருக்கிற ஆறு கன்னிமாரும் துணை இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, கல்லு கனமா இருக்கும், ஒத்தையில தூக்க முடியாது, அந்தப் பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லு என்று உங்கப்பா எழுதச் சொன்னார். நடப்போகிற கல்லை அவரே எடுத்து வைத்திருக்கிறார், நான் பார்த்தேன், ஒரு கையில் அடங்கும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் அம்மா
சௌந்திரம்