எட்டாவது இடம்

அக்டோபர் 27, திங்கள்

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கான ஆலோசகர் திருமதி புரூவிட் என் மதிப்பெண் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காரின், போன வருஷத்து C ஏற்கெனவே உறுத்துது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில A வரலேன்னா டாக்டர் ஆசையை விட்டுடும்மா."

பேராசிரியர் ஹாஸ்கல் முதல் எட்டுப் பேருக்குத்தான் A போடுவார். நான் ஒன்பதாவது. என் சிநேகிதி நோரீன் நான்காவது. எனக்குப் பாதிப் பாடம் புரிவதே அவள் சொல்லித்தருவதால்தான்.

நவம்பர் 7, வெள்ளி

நோரீன் வகுப்புக்கு வரவில்லை. அவள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக, பனியில் இரண்டு மணி நேரம் காரோட்டி ஊருக்குப் போயிருக்கிறாள். ஹாஸ்கல் வருகிற புதன்கிழமைத் தேர்வை முன்னால் தள்ளித் திங்களுக்கே மாற்றிவிட்டார். "வராதவங்களுக்கு அவங்கவங்க சிநேகிதங்க சொல்லிடுங்க. மறுதேர்வு கிடையாது."

சாயங்காலம் நோரீன் போன் செய்தாள்.

"ஏதாவது முக்கியமாச் சொன்னாராடி?"

"ஒண்ணுமில்ல. வழக்கம்போல அறுத்தாரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாகவா?

நவம்பர் 8

இன்னும் சொல்லலாம். நேரமிருக்கிறது.

நவம்பர் 9

நாள் முழுக்கப் படித்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

நோரீன் ஒரு டப்பாவோடு வந்தாள். அவள் அம்மா எனக்குக் கொடுத்தனுப்பிய காட்டரிசி சூப். மேசைகள் மேல் வினாத்தாள்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பேனா மூடியைக் கழற்றினேன். டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

நவம்பர் 17

எனக்கு 88. அவளுக்கு 41.

எட்டாவது இடம்.

நவம்பர் 20

ஹாஸ்கலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுதேர்வு இல்லேன்னு சொன்னா இல்லதான். வேற நான் என்ன செய்யணும்? உன் மார்க்கைக் குறைக்கவா?"

காத்திருந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"சரி. கதவைச் சாத்திட்டுப் போ."

நவம்பர் 21

நோரீனின் அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

"நீ மறந்திருப்பேன்னுதான் இத்தன நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். இப்பவும் மறந்துட்டேன்னே சொல்லியிருக்கலாம்ல? நம்பியிருப்பேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத காரின். நீ அழுதா நான்தான் உன்னைத் தேத்தணும். எனக்குத் தெம்பில்ல. கிளம்பு."

கிளம்பினேன். ஏன் போய்ச் சொன்னேன்? அவளுக்காகவா? இல்ல. எனக்குத் தூங்கணும், அதுக்குத்தான். தூக்கமும் வரல.

டிசம்பர் 19

A. நோரீனுக்கு C.

திருமதி புரூவிட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நோரீன் மெடிக்கல் லிஸ்ட்டுலேர்ந்து தன் பேரை எடுத்துடச் சொல்லிட்டா, பாவம். அவங்க ஊருப் பக்கம் ரத்தப் பரிசோதனை படிப்பு ஏதோ ரெண்டு வருஷமாம். உனக்கு வழி பிறந்தாச்சு, விட்டுடாத."

நன்றி என்றேன்.

ஜனவரி 14

பௌதிக ஆய்வகத்தில் முதல் நாள். இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட, கடைசி மேசையில் ஒருவன் பக்கத்தில் மட்டும் இடம் காலி. கெமிஸ்ட்ரி வகுப்பில் நோரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். போனேன். பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தான்.

ஆசிரியை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "தனியாச் செய்துக்குவியா?"

செய்துகொள்வேன் என்றேன்.