காஜா போட்ட பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நீ சட்டையைத் தைத்துக் கொடுப்பாய், அளவு வெட்டிய காகிதத்தை யாருக்கும் தரமாட்டாய். எங்கள் வேலையும் அதுதான். பிறருடைய மொபைல் ஆப்பில் பொருத்தும் ப்ளகின் என்ற சின்ன நிரல் துண்டை விற்போம். வாங்குபவர் படித்துக் காப்பியடிக்காதபடி, உள்ளே நாங்கள் வைத்த பெயர்களையெல்லாம் குலைத்துவிட்டுத்தான் அனுப்புவோம்; அதைப் பூட்டுவது என்போம். போன வாரம் நான் குலைக்க மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது.

தமிழ் தெரியாத வாடிக்கையாளரோ, "என்னங்க பூட்டு இது! தலையும் புரியலை, வாலும் புரியலை" என்று ஆங்கிலத்தில் வியந்தார். நான் வைத்த பெயரெல்லாம் உன் தையல் சொற்கள்தானே: காஜா, கொக்கி, ஓரத்தையல்! "ஒழுங்கா பூட்டி மறுபடி அனுப்பு, உள்ள நீ வைக்கிற தமிழ்ப் பேரை மட்டும் விட்டுடாதே" என்று மேனேஜர் சிரித்தார்.

பெயர்கள் தீர்ந்துவிட்டன அம்மா. தைக்கும்போது இன்னும் நாலு சொல் போனில் பேசி அனுப்பு. மிஷினை நிறுத்திவிட்டுப் பேசாதே, அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கட்டும்.

இங்கே கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்