தலைகீழாய்ப் பிடித்த எள்ளுக்கட்டு

தர்மபுரம்,
ஆவணி 3

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம், நோர்வேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று கும்பிடாத நாளில்லை. போனில் சொன்னால் பாதிக் கதையில் வேலைக்கு ஓடிவிடுவாய், எனக்கோ இதை முழுதாய்ச் சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது, அதுதான் எழுதுகிறேன்.

மேட்டுக்காணியில் நான் எள்ளு விதைத்தேன் அல்லவா, அது வெற்றி பிள்ளை. விதைக்கும்போதே அப்பா சொல்லியிருந்தார், இந்தத் தடவை சரிவராவிட்டால் காணியைக் குத்தகைக்குக் கேட்கும் கிருசாந்தனுக்கே கொடுத்துவிடுவேன், நீ குசினியில் சமையலைப் பார் என்று, எனக்கு அதே கவலை. அடிக்காய் மஞ்சளாகத் தொடங்கியதும் வெட்ட வேண்டுமென்றேன். அப்பா நெல் விதைத்தே பழகியவர், முழுதும் காய்ந்து நிற்கட்டும் என்று ஒரே பிடி. எள்ளுக்காய் காய்ந்தால் நுனி பிளந்து ஒரு காற்றுக்கே விதையெல்லாம் நிலத்தில் என்று சொன்னாலும் கேட்டால்தானே. அவர் உரம் வாங்கப் பரந்தனுக்குப் போன காலையில் ஒரு செடியை அசைத்துப் பார்த்தேன், அடிக்காய் ஒன்று வெடித்துக் கையில் நாலு எள்ளு விழுந்தது. உடனே பக்கத்து வீட்டுப் பிரேமிளாவைக் கூப்பிட்டு வெட்டத் தொடங்கிவிட்டேன், அப்பாவின் சொல்லுக்காக வேலியோரம் ஒரு துண்டை மட்டும் விட்டேன். பின்னேரம் வந்தவர் பச்சைக்காயைப் பாழாக்கிவிட்டாய் என்றார், அதோடு பத்து நாள் என்னோடு கதையில்லை.

கட்டுகளை நுனி மேலே பார்க்க ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினோம், படுக்கப் போட்டால் எல்லாம் கொட்டிவிடும். வெயிலுக்கு அந்தப் பச்சைக்காய்கள் தாமாகவே பிளந்ததை நீ பார்த்திருக்க வேண்டும், காதை வைத்தால் டிக் டிக்கென்று கேட்கும், நான் சின்னப்பிள்ளை மாதிரிப் போய்ப் போய்க் கேட்டேன். நேற்று முற்றத்தில் படங்குத் துணியை விரித்து முதல் கட்டைத் தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினேன், மழை மாதிரிச் சொரிந்தது பிள்ளை. வேலியோரத் துண்டில் விதையெல்லாம் கொட்டி வெறும் கோதுதான் நின்றது. அப்பா அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார், நான் அடுத்த கட்டை எடுத்தேன். தானாகவே வந்து படங்கின் மற்ற முனையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கிருசாந்தன் குத்தகைக் கதையோடு வாசல் படலையில் வந்து நின்றான். அப்பா நிமிராமலே, "அது ஞானேஸ்வரியின்ர தோட்டம், அவாட்டைக் கேளும்" என்றார். தர ஏலாது என்று நான் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு, இரும்புச் சத்துக் குளிசையை மறக்காதே. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு.

இப்படிக்கு,
எள்ளுத் தோட்டக்காரி,
உன் அம்மா ஞானேஸ்வரி