டாக்டருக்கு நீ செய்த போன்

அண்ணா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அப்பாவின் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். நேற்று நம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசிக்கு முந்தின வரி வரை தடுமாறாமல் படித்தார். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"உங்க அண்ணன் காலையில போன் பண்ணாரும்மா. எதையாவது சொல்லித் தட்டிக்கழிச்சிடுங்கன்னாரு. உங்க வீட்டுச் சண்டையில என்னை ஏன் இழுக்கறீங்க?"

ஓட்டக்கூடாது என்றால் அப்பாவின் முகத்துக்கு நேரே சொல். அப்பா வண்டியைக் கேட்டில் உரசிய கதையை எடுக்காதே, அது யாருக்கும் நடக்கும். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மாவுக்குக் குமட்டும். அப்பா ஓட்டினால் நினைத்த இடத்தில் வண்டி நிற்கும். லைசென்ஸ் முடிந்ததிலிருந்து டாக்ஸிதான். போன வாரம் ஒருவன், "சீட்டை யாரு கழுவுறது, உங்க அப்பனா?" என்று கத்தினான். அம்மா தன் முந்தானையால் துடைத்தாள். நீ அனுப்புகிற காசுக்கு இதெல்லாம் தெரியுமா?

திரும்பும் வழியில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பிரஷர் ஏறியிருக்குன்னாரு டாக்டர், அதான் கையெழுத்துப் போடலையாம். பெரியவன்கிட்ட சொல்லிடாதே. தூரத்துல தனியா இருக்கான், பயந்துடுவான்."

நீ செய்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. நாளை வேறு டாக்டரிடம் போகிறோம். எந்த டாக்டர் என்று உன்னிடமும் சொல்லப்போவதில்லை.

உன் தங்கை